பதவிக்குப் பின் ஒரு பயணம்

பதவி கைவிட்டுப் போனபின் எழுதுகோலையும் ஒலிவாங்கியையும் நாடிய அரசியல்வாதிகள் பலர். அவர்களுள் பெரும்பாலோர் தம் பழைய வழக்குகளுக்கு வாதாடவே அவற்றைப் பயன்படுத்துகின்றனர். பிரிட்டனின் மைக்கேல் போர்ட்டில்லோ சென்ற பாதை சற்றே வேறானது. ஆதலின் அதனை எடைபோட்டுப் பார்ப்பது பயனுடைத்து.

ஸ்பானிய உள்நாட்டுப் போரில் தோல்வியுற்ற குடியரசின் பக்கம் நின்று, 1939இல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த ஒருவரின் மகன் அவர். தாட்சர் அம்மையாரின் அணியில் வளர்ந்தார். 1990இல் உள்ளாட்சித் துறை அமைச்சராகி, பெருஞ்செல்வரும் சிறுதொழிலாளியும் ஓர் ஊரில் ஒரே தொகை செலுத்த வேண்டுமென்ற 'தலைவரி'க்காக வாதாடினார். பின்னர் கருவூலத்தில் அரசின் செலவுகளைக் குறைக்கும் பொறுப்பையும், 1995 முதல் பாதுகாப்பு அமைச்சர் பதவியையும் வகித்தார். 1997 மே மாதத் தேர்தலில் 1,433 வாக்குகளில் தம் தொகுதியை இழந்தார். அந்த முடிவைக் காண விழித்திருந்தீர்களா என்று மறுநாள் மக்கள் ஒருவரையொருவர் வினவி மகிழ்ந்தனர். அத்துணை வெறுப்பு!

அதே மனிதரை இன்று இலட்சக்கணக்கானோர் விரும்பிக் காண்கின்றனர். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது?

தோல்விக்குப் பின் அவர் செய்தித்தாள்களில் பத்திகள் எழுதினார். 1999இல் நாடாளுமன்றம் மீண்டு, 2001இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்று, 2005இல் விலகினார். இடதுசாரி இதழான 'நியூ ஸ்டேட்ஸ்மன்' அவரை நாடக விமர்சகராக ஏற்றது. 2008இல் புக்கர் பரிசுக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். அவ்வாண்டு பரிசு பெற்றவர் சென்னையில் பிறந்த அரவிந்த் அடிகா.

ஆயினும், நாம் முதன்மையாகக் கருதுவது 2003இல் வந்த ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை. மெர்ஸிசைடில் நான்கு குழந்தைகளைத் தனியே வளர்க்கும் ஒரு தாயின் இடத்தில் ஒரு வாரம் வாழ்ந்தார் அவர். அத்தாயின் வேலைகளையும் அடுப்படியையும் சிறு பணப்பையையும் ஏற்றார். கருவூலத்தில் எண்களாக மட்டும் கண்ட வாழ்க்கையை அங்கே முகத்துக்கு முகம் சந்தித்தார். ஒரு வாரத்தில் வறுமை விளங்கிவிடாது; முடிவு தெரிந்த துன்பம் துன்பமாகாது. எனினும், ஆண்டவர் தம் ஆணைகள் போய்ச்சேர்ந்த இடத்தைக் காண முன்வந்தது அரிய செயலே.

2010 முதல் வந்த இரயில் பயணத் தொடர் அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. பளிச்சிடும் வண்ணச் சட்டையும் கையில் பிராட்ஷாவின் பழைய வழிகாட்டி நூலுமாக ஊர் ஊராக இறங்கி, எளியோரிடம் கனிவுடன் கேள்வி கேட்கிறார். போக்குவரத்துத் துறையில் இருந்தபோது செட்டில்–கார்லைல் பாதை மூடப்படாமல் 1989இல் காத்ததையே தம் அரசியல் வாழ்வின் பெரும் சாதனையாக அவர் கூறுவதுண்டு. அப்பெருமை நியாயமானதே.

இங்கேதான் நமக்கு ஒரு மறுப்பு உண்டு. விக்டோரியா அரசி காலத்து வழிகாட்டியைக் கையில் கொண்ட பயணம், பார்வையாளரின் கண்ணை அக்காலத்துக்கே திருப்புகிறது. அவர் அமைச்சராயிருந்த அரசே 1993இல் சட்டமியற்றி இரயில்வேயைத் தனியாரிடம் பிரித்துக் கொடுத்தது. அதன் விளைவை விசாரிக்க இந்நூல் வழிகாட்டாது. அதனைத் தேர்ந்தெடுத்ததே இனிய தப்பித்தலாகவும் அமைந்துவிடுகிறது.

ஒருவரை விரும்புவது வேறு, அவருடைய கணக்கைத் தீர்ப்பது வேறு. போர்ட்டில்லோ கேட்கக் கற்றுக்கொண்டார் என்பதைத் தாராளமாக ஒப்புவோம். ஆனால், தலைவரி கட்டமுடியாமல் நீதிமன்ற வாயிலில் நின்றவர்களுக்குத் தம் கதையைச் சொல்ல இரண்டாவது மேடை எதுவும் கிடைக்கவில்லை. திரையில் புன்னகைக்கும் முகத்தை இரசிக்கும்போது அவர்களையும் நினைவிற் கொள்வதே நேர்மையான பார்வையாளரின் கடமை.