ஒரே மலைக்கு இரண்டாம் முறை

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டம் வட்டுவனஅள்ளி ஊராட்சியில் கோட்டூர்மலை இருக்கிறது. தேர்தல் வந்தால் அங்கே வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல்தான் ஏறிப் போகும். 2024 மக்களவைத் தேர்தலுக்கும் அப்படித்தான் போயின. பக்கத்து ஏரிமலைக்காரர்களும் அலகட்டுக்காரர்களும் இதே மாதிரிப் பாதைகளில் காலமெல்லாம் நடந்தவர்கள். அரிசி மூட்டையைத் தலையில் சுமப்பார்கள், இல்லையென்றால் கழுதை மேல் ஏற்றுவார்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் தூளி கட்டித் தோளில் தூக்கி இறக்குவார்கள். சாலை கேட்டு அவர்கள் கொடுத்த மனுக்களுக்குக் கணக்கில்லை.

ஒரு கல்லூரி மலையேற்றக் குழு இதே பாதைக்கு ஓர் அறிவிப்பு எழுதினால், ‘காலையில் ஏறி மாலையில் இறங்கலாம், நடுத்தரச் சிரமம், வழியில் கடை கிடையாது, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளவும்’ என்று இருக்கும். இரண்டும் ஒரே பாதைதான். மாணவர்கள் கூடி மலையேறும் பழக்கத்தை எடைபோட உட்கார்ந்தபோது என் கண்முன் முதலில் வந்து நின்றது இந்தப் பாதை. அவர்கள் அங்கே போகக் கூடாது என்பது என் கட்சியன்று. போக வேண்டும். போன பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் எனக்குக் கேள்விகள் உண்டு.

பல்கலைக்கழக மலையேற்றக் குழு என்பது உலகில் நூறாண்டு கடந்த ஏற்பாடு. கேம்பிரிட்ஜில் 1905-இலும் ஆக்ஸ்போர்டில் 1909-இலும் தொடங்கினார்கள். ஜெர்மனியில் 1901-இல் பள்ளி மாணவர்களிடையே எழுந்த ‘வாண்டர்ஃபோகல்’ என்ற நடை இயக்கம் ஜப்பானுக்குப் போய், இன்றும் பல பல்கலைக்கழகங்களில் மன்றத்தின் பெயராகவே நிற்கிறது. நம் கல்லூரிகளில் இதற்கு அப்படி ஓர் உறுதியான உருவம் இல்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமோடும் என்.சி.சி. நடைப்பயணத்தோடும் சுற்றுச்சூழல் மன்றத்தோடும் ஒட்டிக்கொண்டு நடக்கிறது. பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் குழுவே மன்றமாகிவிடுகிறது. சனிக்கிழமை இரவு பேருந்தேறி ஞாயிறு காலை ஒகேனக்கல், அடுத்த மாதம் வத்தல்மலை, அதற்கடுத்து கொல்லிமலை என்று பட்டியல் நீளும்.

முதலில் இதன் நன்மையைச் சொல்ல வேண்டும், அதுவும் முழுமனதோடு சொல்ல வேண்டும். வகுப்பறையில் ஒரு மாணவனுக்கு மதிப்பெண் ஒரு வரிசை கொடுக்கிறது, விடுதியில் ஊரும் சாதியும் பணமும் வேறொரு வரிசை கொடுக்கின்றன. ஏற்றத்தில் இந்த வரிசைகள் குலைகின்றன. நன்றாக நடக்கும் குழுவில் ஒரு வழக்கம் உண்டு: மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, மற்றவர்கள் அவர் அடிக்குத் தங்கள் அடியை அளந்து பின்னால் வருவார்கள். பத்தொன்பது வயதில், போட்டித் தேர்வுக்கென்றே வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இன்னொருவர் மூச்சு வாங்குவதைக் கேட்டுத் தாமாக நிற்பதைப் பார்ப்பது சிறிய விஷயமில்லை. பெண்களுக்கு இது இன்னும் பெரியது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு, வீட்டிலிருந்து கல்லூரி என்று நடை முழுவதும் அளந்து கொடுக்கப்பட்ட ஒருத்தி, தன் மூட்டையைத் தானே சுமந்து ஓர் உச்சியில் போய் நிற்கிறாள். அந்த ஒரு நாளுக்காகவே இந்தப் பழக்கத்தைக் காப்பாற்றலாம் என்பேன். பல கல்லூரிகளில் அனுமதிக் கடிதத்திலேயே பெண்களின் பெயர் அடிபட்டுப் போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது நன்மை படிப்பு. ஒகேனக்கல் பகுதியில் கார்பனடைட் என்னும் அரிய வகைப் பாறை இருக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து கார்பனேட் குழம்பாகக் கிளம்பி உறைந்தது அது. அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். குளிக்க வந்தவருக்கு அது வழுக்குகிற கல், அவ்வளவே. கையில் சுத்தியலும் கூடவே ஓர் ஆசிரியரும் உள்ள மாணவருக்கு அந்தக் கரையே புத்தகம். மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு ஏன் இவ்வளவு, நம் பிள்ளைகளின் பற்களில் அந்தப் பழுப்புக் கறை எங்கிருந்து வந்தது, 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதற்காக வந்தது என்ற கேள்விகளை அந்த நடையிலேயே கோத்துவிடலாம். பாறையில் இருப்பது நீருக்கு வருகிறது, நீரிலிருந்து எலும்புக்கு வருகிறது. கால்வலியோடு கற்றது மறக்காது.

ஆனால் பெரும்பாலான பயணங்களில் இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை. அருவியை அடைவதே பயணத்தின் முடிவாக இருப்பதால், அடைந்ததும் சட்டையைக் கழற்றுவதும் படம் எடுப்பதும் தவிர வேறு வேலை இல்லாமல் போகிறது. இங்கேதான் ஆபத்தும் தொடங்குகிறது.

ஒகேனக்கல் காவிரியில் நீர் ஏறுவதற்குப் பென்னாகரத்து வானத்தில் மேகம் வேண்டியதில்லை. குடகில் பெய்தால் கிருஷ்ணராஜசாகரும் வயநாட்டில் பெய்தால் கபினியும் நிரம்பி, அங்கே மதகு திறந்து, ஓரிரு நாளில் பிலிகுண்டுலு நீர் அளவை நிலையத்தில் கோடு உயர்கிறது. அஞ்செட்டிப் பக்கம் கனமழை என்றால் சின்னாறு வழியாக வேறொரு வெள்ளம் வந்து சேரும். ‘நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி, அருவிகளில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை’ என்ற செய்தி இங்குள்ளவர்களுக்குப் பஞ்சாங்கம் போல. வெயில் அடிக்கும் காலையில் வந்திறங்கும் மாணவனுக்கு அந்தத் தடை அதிகாரிகளின் பிடிவாதமாகத் தெரிகிறது. கயிற்றைத் தாண்டி வேறு வழியாக இறங்கப் பார்க்கிறான். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரைக் கொண்டுபோனதும் மழை வெள்ளமன்று. மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர். அறிவிப்புச் சரியாக இருந்ததா, யார் பொறுப்பு என்பதெல்லாம் விசாரிக்கப்பட்டவை. அந்தப் பாறையில் நின்ற ஒருவருக்காவது மேலே அணை இருப்பதும் அது திறக்கும் என்பதும் பழகிய செய்தியாக இருந்திருந்தால் என்ற எண்ணம் என்னை விட்டுப் போவதில்லை.

பழகிய செய்தி என்று சொல்வதில்தான் என் வாதத்தின் முடிச்சு இருக்கிறது. மாணவர் மன்றத்தின் பெரிய குறை அதன் ஞாபகம். இளங்கலைக்காரர் மூன்று ஆண்டில் போய்விடுவார். முதலாண்டில் பின்னால் நடந்தவர் மூன்றாமாண்டில் தலைவர். அவர் கற்றதை யாருக்கும் எழுதிவைக்காமலே விடைபெறுகிறார். ஒவ்வோர் அணியும் புதிதாகவே தொடங்குகிறது, ஒவ்வொரு முறையும் புது மலையைத் தேடுகிறது. ஒகேனக்கல்லை ஒட்டிய ஊட்டமலைக்காரருக்கு எந்தப் பாறையின் கீழே சுழல் இருக்கிறது என்பது தலைமுறைத் தலைமுறையாகத் தெரியும். இவர்களுக்குப் போன வருடம் நடந்ததே தெரியாது.

இந்த மறதியோடு குழுவை விட்டு விலகாத பழக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் ஒரு நிகழ்வு உண்டு. 1970 ஜூலையில் ஃபுகுவோகா பல்கலைக்கழக வாண்டர்ஃபோகல் மன்றத்தின் ஐந்து மாணவர்கள் ஹொக்கைடோவின் ஹிதாகா மலைகளில் நடந்தார்கள். ஒரு பழுப்புக் கரடி அவர்களுடைய மூட்டைகளை இழுத்துப்போனது. அவற்றை அவர்கள் மீட்டு எடுத்தார்கள். தன்னுடையதாக எண்ணியதை எடுத்துப் போனவர்களை அது விடாமல் தொடர்ந்தது. உதவி கேட்டுக் கீழே இறங்கிய இருவர், வழியில் கண்ட வேறொரு குழுவிடம் தகவல் சொல்லிவிட்டு மறுபடி மேலேறித் தோழர்களோடு சேர்ந்தார்கள். மூவர் இறந்தார்கள். அந்தத் தோழமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதே தோழமைதான் ‘இறங்கிவிடுவோம்’ என்று முதல் நாளே சொல்ல வேண்டியவரின் வாயையும் கட்டிப்போடும் என்பதையும் மறைக்க முடியவில்லை. இருபது பேர் உற்சாகமாக இருக்கும்போது ஒருவர் திரும்பலாம் என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். மன்றங்கள் ஏறும் துணிச்சலைப் பழக்குகிற அளவுக்கு இதைப் பழக்குவதில்லை.

பருவமும் நமக்கு எதிராக இருக்கிறது. கல்லூரிகளில் ஓய்வு கிடைப்பது மாசிக்குப் பிறகு. புல் காய்ந்து காடு தீக்குக் காத்திருக்கும் மாதங்கள் அவை. யானைகள் தண்ணீர் தேடிக் காவிரிக்கு இறங்கும் மாதங்களும் அவையே. குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தது இந்தப் பருவத்தில்தான். அவர்கள் கல்லூரி மன்றத்தினர் அல்லர், மலையேற்ற ஆர்வலர்கள். ஆனால் காய்ந்த புல்லில் ஏறிய ஆர்வம் ஒன்றுதான். அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. தீப்பருவத்தில் பாதைகளை மூடுகிறது. நல்ல ஏற்பாடு. கட்டணமும் இணையப் பதிவும் உள்ள அந்த வழியில் ஏறுபவர் வாடிக்கையாளராகவே ஏறுகிறார் என்பது மட்டும் உறுத்துகிறது. வழிகாட்டி பொறுப்பேற்றுக்கொள்வதால், மன்றம் கற்றுத்தரக்கூடிய பொறுப்பு மாணவன் கைக்கு வராமலே போகலாம். உயிர் முக்கியம் என்ற இடத்தில் நான் வனத்துறையின் பக்கமே நிற்பேன். ஒகேனக்கல்லைச் சுற்றிய காடு இன்று சும்மா கிடக்கும் காடில்லை. 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம், அதைச் சாகசம் என்று மன்றங்கள் பேசுவதை நிறுத்த வேண்டும்.

மறுபடி அந்தக் கழுதைப் பாதைக்கு வருகிறேன். மலைமேல் பிறந்து, இறங்கிப் படித்து, தருமபுரிப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ந்த மாணவரை நினைத்துப் பார்க்கிறேன். அவருடைய வகுப்பில் மலையேற்ற மன்றம் ஒன்று தொடங்குகிறது. காலணிக்கு இரண்டாயிரம், பைக்கு ஆயிரத்தைந்நூறு, பயணத்துக்கு எழுநூறு. பள்ளிக்கு வெறுங்காலோடு இறங்கி ஏறியவர் அந்த மன்றத்துக்குள் நுழைய வழியில்லை. வாழ்நாள் முழுவதும் சுமையாக இருந்த நடை இன்னொருவருக்குப் பொழுதுபோக்காக இருப்பதைப் பார்த்து அவர் என்ன நினைப்பார்? நான் அறிந்தவரை இந்தக் கேள்வியை எந்த மன்றமும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. அந்த அறையில் பாதை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். யானை சாணத்தின் ஈரத்தைப் பார்த்து அது எப்போது போனது என்று சொல்லக்கூடியவரும் அவரே. அவர் தலைவராக இருக்க வேண்டிய மன்றத்தில் அவர் உறுப்பினராகவும் இல்லை. இந்தப் பழக்கத்தின் ஆகப் பெரிய பிழை இதுதான் என்று நினைக்கிறேன். குப்பை, கூச்சல், படமோகம் எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை. யாருடைய ஊர் என்று தெரியாத இடத்தில்தான் பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டு வர மனம் வருகிறது.

ஆகவே புதுப் புது மலைகளின் பட்டியலை விட, ஒரு மன்றம் ஒரே மலைக்குத் திரும்பத் திரும்பப் போவதே மேல் என்பது என் முடிவு. இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்று கோட்டூர்மலையை எடுத்துக்கொள்ளட்டும். ஊர்க்காரர்களிடம் கேட்டு, வனத்துறை அனுமதியோடு, ஐப்பசியில் ஒரு முறை, தையில் ஒரு முறை. பத்து ஆண்டு ஒரே பாதை. எந்த ஊற்று எந்த மாதம் வற்றியது, எங்கே மண் சரிந்தது, தூளியோடு இறங்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதெல்லாம் ஒரு நோட்டில் ஏறட்டும். நோட்டு கல்லூரியில் இருக்கட்டும், அதன் நகல் ஊரில் இருக்கட்டும். சாலை கேட்டு மனு எழுதும்போது அந்த நோட்டு ஊர்க்காரர்களுக்குப் பயன்படும். ஒகேனக்கல் போகும் அணி, மாமரத்துக்கடவு பரிசல்துறையில் முதலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பரிசல்காரர் நீரைப் பற்றிச் சொல்வதைக் கேட்கட்டும், அவருடைய நேரத்துக்குக் கூலி கொடுக்கட்டும். மன்ற அறைக் கரும்பலகையில் அன்றன்றைய பிலிகுண்டுலு நீர்வரத்தை முதலாமாண்டு மாணவர் ஒருவர் எழுதிவைக்கட்டும்.

இரண்டாம் முறை ஏறும்போது எதிரே மூட்டையோடு கழுதை இறங்கி வரும். முதல் முறை அதைப் படமெடுத்தவர்கள் இந்த முறை பள்ளத்துப் பக்கம் நிற்காமல் மேட்டுப் பக்கமாக ஒதுங்கி வழிவிடுவார்கள், பின்னால் வருகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மேலே தண்ணீர் இருக்கிறதா அண்ணா என்று கேட்பார்கள்.