ஒன்றரை மணி நேரமும் எட்டு மாதமும்

சென்ற கோடையில் வீடு மாறியபோது பழைய பெட்டியொன்றின் அடியில் ஒரு மலர் கிடைத்தது. ஜெர்மனியில் முதுநிலை படித்துக்கொண்டிருந்தபோது, 2005-இல், தமிழ் மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பொங்கலுக்காக நகலெடுத்துத் தைத்த மலர். அதில் என் பயணக் கட்டுரையும் இருந்தது. கொலோன், ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ்: ஐந்து நாட்களில் நான்கு நகரங்கள். ஆர்வத்தோடு படிக்க உட்கார்ந்தவன், கடைசிப் பக்கத்தைத் திருப்பும்போது கூசிப்போனேன்.

கூச்சத்துக்குக் காரணம் நடை அல்ல. இருபத்தைந்து வயதில் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். அந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை, ஒரு அச்சு எழுதியிருக்கிறது என்பதுதான் உறுத்தியது. அதன் பிறகு மாணவர் மலர்களிலும் சங்க ஆண்டிதழ்களிலும் இதே வகைக் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். விடியற்காலைக் குளிரில் கிளம்புவார்கள். ஒரு கோபுரத்தின் முன் பிரமித்து நிற்பார்கள். அதன் உயரம் வரும். தெருவின் சுத்தம் வரும், உடனே நம் ஊர்க் குப்பைத்தொட்டியும் வரும். எங்காவது தோசை கிடைக்கும். நெஞ்சை விட்டு நீங்காத நினைவுகளோடு ரயிலேறுவார்கள். ஊர்ப் பெயர்களை மாற்றிப் போட்டாலும் கட்டுரைக்குச் சேதம் இராது. ஒரு பயணக் கட்டுரையைப் பற்றி இதைவிடக் கடுமையாகச் சொல்ல எதுவும் இல்லை.

கொலோன் பேராலயத்தைப் பற்றி நான் எழுதியிருந்தது இரண்டே வரி. உயரம் 157 மீட்டர், 1248-இல் தொடங்கி 1880-இல் முடிந்தது. இரண்டும் சுற்றுலாத் துண்டறிக்கையில் உள்ளவை. அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் வேலை நின்றுபோனது. மீண்டும் தொடங்கியது 1842-இல். அதுவரை பாதியில் நின்ற தெற்குக் கோபுரத்தின் தலையில், கல் தூக்கும் மரப் பாரந்தூக்கி ஒன்று அப்படியே நின்றது. தலைமுறை தலைமுறையாக அந்நகரத்து மக்கள், முடியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டே பிறந்து வளர்ந்து இறந்தார்கள். ஊரின் அடையாளமே அந்தப் பாரந்தூக்கிதான் என்று ஆகிவிட்டது.

நான் திருச்சிக்காரன். ஸ்ரீரங்கத்தில் நூற்றாண்டுக் கணக்கில் அடித்தளத்தோடு நின்றுபோயிருந்த ராயர் கோபுரம், 1987-இல் 236 அடி இராஜகோபுரமாக எழுந்து நின்றபோது நான் சிறுவன். கொலோனை எதனோடாவது ஒப்பிடவேண்டும் என்றால் கையிலேயே இருந்தது ஒப்பீடு. நான் குப்பைத்தொட்டியை ஒப்பிட்டேன். 'நம் ஊரில் இப்படி இல்லையே' என்ற வாக்கியம் தன் ஊரை நினைத்து எழுதப்படுவது போலத் தோன்றும். உண்மையில் இரண்டு ஊரையும் பார்க்காமல் தப்பித்துக்கொள்ள அது ஒரு வழி.

இரண்டாவது குறை, பணத்தையும் காகிதத்தையும் மறைப்பது. நாங்கள் ஏன் ஐவர் கிளம்பினோம்? நட்புக்காக என்று எழுதியிருக்கிறேன். 1995 முதல் 2019 வரை ஜெர்மன் ரயில்வேயில் ஒரு வார இறுதிச் சீட்டு இருந்தது. ஒரே சீட்டில் ஐந்து பேர், சனி அல்லது ஞாயிறு ஒரு நாள், மெதுவாகப் போகும் வட்டார ரயில்களில் மட்டும் போகலாம். ஐந்தாவது ஆளாக வந்தவரை எங்களில் இருவருக்குச் சரியாகத் தெரியாது. கொலோன் வரை எங்களைச் சேர்த்துவைத்தது அந்தச் சீட்டு. அதேபோல, எல்லோரும் ஆசைப்பட்ட பிராக் ஏன் பட்டியலில் இல்லை? செக் குடியரசு ஷெங்கன் வட்டத்துக்குள் வந்தது 2007 டிசம்பர் 21-இல்தான். அதற்கு முன் எங்கள் ஜெர்மன் வசிப்பிட அனுமதி அந்த எல்லையோடு நின்றுவிடும். எந்த நகரத்தைப் பார்த்தோம் என்பதை எங்கள் ரசனை தீர்மானிக்கவில்லை. சீட்டும் முத்திரையும் தீர்மானித்தன. இதைச் சொல்லியிருந்தால் கட்டுரை கொஞ்சம் உண்மையாகியிருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

பிரஸ்ஸல்ஸிலிருந்து பாரிஸுக்கு அதிவேக ரயில். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. இறங்கியது கார் து நோர் நிலையம். அங்கிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் லா ஷாப்பல். புடவைக் கடை, பலசரக்குக் கடை, தமிழ்ப் பெயர்ப்பலகைகள். என் கட்டுரையில் இந்த இடம் ஒரு வாக்கியம்: "பாரிஸின் நடுவில் நம்ம ஊர் தோசை கிடைத்தது." கட்டுரையில் இல்லாதது இது. பரிமாறியவருக்கு எங்களைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். தண்ணீர் வைத்தபடி கேட்டார்:

"தம்பி, இப்ப எங்கயிருந்து வாறீர்?"

"பிரஸ்ஸல்ஸிலிருந்து, அண்ணா."

"எத்தின மணித்தியாலம்?"

சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கு எட்டு மாசம் எடுத்தது." அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நாங்களும் சிரித்தோம். அறைக்குத் திரும்பியும் அது என்னை விடவில்லை. ஆனாலும் எழுதவில்லை. மறந்து விட்டுப்போனதல்ல அது. நான் எழுதிய வடிவத்தில் அதற்கு இடமில்லை. பிரமிப்பதற்காகக் கிளம்பிய கட்டுரையில், அதே எல்லைகளை இருட்டில் கடந்த ஒருவரை எங்கே உட்காரவைப்பது?

இடம் இருந்தது என்பதுதான் வெட்கம். அதே பாரிஸிலிருந்து 'எக்ஸில்', 'உயிர்நிழல்' போன்ற சிற்றிதழ்கள் வந்திருக்கின்றன. நான் படித்த ஜெர்மனியிலிருந்தே 'தூண்டில்' வந்திருக்கிறது. அகதி விண்ணப்பத்தோடு தொடங்கும் ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001-இல் வெளியாகிவிட்டது. அந்த விண்ணப்பமும் ஒருவகையில் பயணக் கட்டுரைதான், எழுதுபவரின் உயிர் அதில் தொங்குகிறது என்பதைத் தவிர. 2005-இல் இவற்றில் ஒன்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒரே நகரத்தைப் பற்றி, ஒரே மொழியில், ஒரே காலத்தில் இரண்டு இலக்கியங்கள் இருந்தன. ஒன்று மற்றதிடம் தோசை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நகர்ந்தது.

ஐந்து நாளில் வேறென்ன எழுத முடியும் என்று கேட்கலாம். நியாயம்தான். காசில்லாத மாணவன் குறுகிய பயணம்தான் போக முடியும், அது குற்றமல்ல. ரொட்டியும் வாழைப்பழமும் தின்று, நிலையத்து நாற்காலியில் தூங்கி, அப்படியும் உலகத்தைப் பார்க்கத் துடித்த அந்த ஆசையை நான் இன்றும் மதிக்கிறேன். இந்தக் கட்டுரைகளில் உயிரோடு இருப்பதும் அதுதான். பிழை, ஐந்து நாளில் நகரத்தையே பார்த்துவிட்டதாக எழுதுவதில் இருக்கிறது. ஏ. கே. செட்டியார் காந்தி ஆவணப்படத்துக்காக உலகம் சுற்றியவர். படம் 1940-இல் வெளிவந்தது. அவருடைய பயண எழுத்தில் வாக்கியங்கள் சின்னவை, 'நான்' குறைவு, எதிர்ப்படும் மனிதர்கள் அதிகம். நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அவரை நாம் 'முன்னோடி' என்று புகழ்கிறோம், அவரிடம் பாடம் கேட்பதில்லை. ஐந்து நாளில் ஒரு நகரத்தை அறிய முடியாது. ஒரு மேசையில் நடந்த உரையாடலை முழுதாக எழுத முடியும்.

இங்கே பிறந்த நம் பிள்ளைகளின் பயணம் வேறு. 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பதினெட்டு வயதானவர்களில் தேர்வாகிறவர்களுக்கு இலவச ரயில் சீட்டே கொடுக்கிறது. முத்திரைக்கு அஞ்சவேண்டாத தலைமுறை. அவர்கள் தமிழில் எழுதுவார்களா என்று தெரியாது, எழுதினால் எந்த அச்சை அவர்கள் கையில் கொடுப்போம் என்பது நம் பொறுப்பு.

என் மகளுக்குப் பதினாறு வயது. மலரை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், எழுதாமல் விட்டதையும் சொன்னேன். கோபுரத்தின் உயரத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "அப்பா, அந்த எட்டு மாசமும் அவர் எங்கே இருந்தார்?" என்றாள்.

அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. உங்கள் பெட்டிகளிலும் இப்படியொரு மலர் இருக்கும். எடுத்துப் பாருங்கள். விட்டுப்போன மேசையைத் தேடி, அதை மட்டும் திரும்ப எழுதுங்கள்.