காந்தம் திருப்பிய மின்முனைவு

டெர்பியம் மாங்கனைட் பார்வைக்கு வெறும் கருத்த படிகம். 2003-இல் ஜப்பானிய இயற்பியலாளர்களான கிமுரா, தோக்குரா குழுவினர் அதைக் கடுங்குளிரில் வைத்துக் காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். உள்ளே இருந்த மின்முனைவு, அதாவது நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகி நிற்கும் திசை, 90 டிகிரி திரும்பிவிட்டது!

காரணம் அதைவிட அழகு. சுமார் 41 கெல்வினில் மாங்கனீசு அணுக்களின் காந்தத் திசைகள் அலையாக ஒழுங்குபடுகின்றன. அப்போது மின்முனைவு இல்லை. 28 கெல்வினுக்குக் கீழே அவை அணுவுக்கு அணு சாய்ந்து, உருளும் சக்கரத்தின் ஆரங்கள்போலச் சுழன்று செல்கின்றன. சுழற்சிக்கு வலம், இடம் என்று ஒரு பக்கம் அமைந்ததுமே சமச்சீர் உடைந்து மின்முனைவு பிறக்கிறது. சுழற்சி எதிர்ப்பக்கம் திரும்பினால் மின்முனைவும் தலைகீழாகும்.

அளவில் இந்த மின்முனைவு, பெயர்பெற்ற மின்முனைவுப் பொருளான பேரியம் டைட்டனேட்டில் உள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் காந்தத்திலிருந்தே பிறந்ததால் அதன் சொல்லைத் தட்டுவதில்லை. இதற்கு மாறாக, பிஸ்மத் ஃபெரைட் என்ற பொருளில் அறை வெப்பத்திலேயே மின், காந்த ஒழுங்குகள் இரண்டும் உண்டு. ஆனால் மின்முனைவு பிஸ்மத்திலிருந்து, காந்தம் இரும்பிலிருந்து. பிணைப்பு அங்கே அவ்வளவு இறுக்கமில்லை.