சித்திரமும் பக்கத்துக் காகிதமும்

இளம் ஓவியர்கள் தங்கள் சித்திரக்காட்சிகளில் ஒவ்வொரு படத்தின் அருகிலும் அது பிறந்த கதையை எழுதி ஒட்டுவதும், கூடியவர்கள் முன் நின்று அதை விஸ்தாரமாகச் சொல்வதும் இன்று வழக்கமாகிவிட்டன. கதை தெரியாதவனுக்குப் படம் புரியாது என்று கற்றறிந்தவர்களே அதற்கு நியாயமும் கற்பிக்கிறார்கள். அந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

சித்திரசாலைக்குள் நுழையவே கூசும் எளிய மனிதருக்குக் கதை தைரியம் தருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்தைப் பிரிக்கமுடியாத சித்திரங்கள் உண்டென்பதும் மெய்யே. ஜெர்மானிய யூதப் பெண்ணான சார்லொட் சாலமோன், 1943-இல் தம் 26-ஆம் வயதில் ஆஷ்விட்ஸில் கொல்லப்படுவதற்கு முன், தென் பிரான்ஸில் தஞ்சம் புகுந்திருந்த நாட்களில் நூற்றுக்கணக்கான வர்ணச் சித்திரங்களாகத் தம் குடும்ப சரித்திரத்தைத் தீட்டியபோது, பலவற்றுக்குரிய வசனங்களை ஊடுருவித் தெரியும் மெல்லிய தாள்களில் எழுதி அவற்றின்மேல் படியவைத்தார். அங்கே எழுத்து சித்திரத்தின் அங்கம். பிரித்தால் கிருதியே ஊனமாகும்.

என் ஆட்சேபமெல்லாம் சட்டத்துக்கு வெளியே தொங்கும் காகிதத்தைப் பற்றியது. சென்னையில் நான் கண்ட ஒரு காட்சியில், மறைந்த பாட்டியின் சாய்வு நாற்காலியைத் தீட்டிய படம் ஒன்று இருந்தது. இடப்புறத்து ஜன்னலிலிருந்து ஒளி வருகிறது. நாற்காலியின் நிழலோ அந்த ஜன்னலை நோக்கியே விழுந்து கிடந்தது. காகிதத்தில் பாட்டியின் கடைசி நாட்கள் உருக்கமாக எழுதப்பட்டிருந்தன. வந்தவர்கள் அதை வாசித்தார்கள், கண் கலங்கினார்கள், படத்தின்மீது ஒரு பார்வையை ஓடவிட்டு அடுத்த காகிதத்துக்கு நகர்ந்தார்கள். நிழல் தவறியதை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்திருந்தாலும் சொல்ல நா எழுந்திராது, ஒரு பேத்தியின் துக்கத்தில் பிழை பார்க்க யாருக்கு மனம் வரும்? நெடுநாளாக என் மனத்தை உறுத்துவது இதுதான்: வாழ்க்கையில் நேர்ந்த துயரம், வர்ணம் சாதிக்காததையும் சாதித்ததாகக் காட்டிவிடுகிறது, ரசனை இருக்கவேண்டிய ஸ்தானத்தில் அனுதாபம் அமர்ந்துகொள்கிறது, ஓவியரோ தம் குறையை அறியாமலே புகழ் பெற்று, அடுத்த படத்திலும் அதே குறையைச் செய்கிறார். ஒரு கலைஞருக்கு இளமையில் இதைவிடப் பெரிய அபகாரம் வேறில்லை.

மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ தம் வாழ்க்கையைத்தானே வரைந்தார் என்று கேட்பார்கள். 1925-இல் நேர்ந்த பஸ் விபத்தின் வேதனை அவர் கலையில் ஊறியிருப்பது மெய்யே. ஆயினும் 1944-இல் அவர் தீட்டிய 'உடைந்த தூண்' படத்தை நோக்குங்கள். கழுத்து முதல் இடை வரை பிளந்த உடல், முதுகெலும்பின் இடத்தில் பல துண்டுகளாக வெடித்து நிற்கும் கிரேக்கத் தூண், உடலை இறுக்கிப் பிடிக்கும் வெண்ணிறப் பட்டைகள், முகத்திலும் மார்பிலும் தைத்த ஆணிகள், பின்னே பாளம்பாளமாகப் பிளந்த நிலம், கண்ணீர் வழிந்தும் நம்மை நேரே பார்க்கும் விழிகள். விபத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேளாதவன் அதன் முன் நின்றாலும் அந்த வலியை அறிவான். அனுபவம் அங்கே ரேகையாகவும் வர்ணமாகவும் பூரணமாக மாறிவிட்டது. அப்படி மாறாத அனுபவந்தான் காகிதத்தின் துணையை நாடுகிறது.

பரிசுக் குழுக்களில் அமரும் பெரியோர்களுக்கு என் விண்ணப்பம் இது: காகிதங்களை அகற்றச் சொல்லிப் படங்களை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள். கதையைப் பரிசு கொடுத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.