உலக்கைச் சத்தமும் ஹை-கெய்ன் ஆம்பும்

சித்தப்பா மகன் போன மாதம் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது இந்தக் குறிப்பு. அவனுக்குப் பெரம்பலூரில் வேலை. கையில் ஏழு ஸ்ட்ரிங் கிட்டார், தலைக்குள் முழுக்க மெட்டல். நூறு வாட் வால்வ் ஆம்ப் ஒன்றைக் கடன் போட்டு வாங்கிவிடலாம் என்று இருக்கிறான். "அண்ணே, மாடர்ன் மெட்டலுக்கு 5150 நல்லதா, ரெக்டிஃபையர் நல்லதா? எதுல கெய்ன் ஜாஸ்தி?"

லட்ச ரூபாயைத் தாண்டுகிற விஷயம், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது. மூன்று வாரம் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹை-கெய்ன் ஆம்பைக் கெய்னை வைத்து எடை போடுவதுதான் நாம் எல்லோரும் செய்கிற தப்பு. இந்த வகை ஆம்ப் எல்லாவற்றிலும் கெய்ன் தேவைக்கு மேலேயே இருக்கிறது. பார்க்க வேண்டியவை இரண்டு: டிஸ்டார்ஷனுக்குள் எவ்வளவு பேஸ் நுழைகிறது, கை ஸ்ட்ரிங்கை அமுக்கியதும் ஆம்ப் எவ்வளவு சீக்கிரம் வாயை மூடுகிறது.

எங்கள் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். மாவிளக்குப் போடுகிறவர்கள் அங்கேயே அரிசியை இடிப்பார்கள். பக்கத்துப் பக்கத்து உரல்களில் நாலைந்து உலக்கை மாற்றி மாற்றி விழும். அத்தனை நெருக்கத்திலும் ஒவ்வொரு குத்தும் தனியாகக் கேட்கும். குத்து விழுந்த உடனே சத்தம் செத்துவிடுவதுதான் காரணம். மெட்டலில் பாம்-மியூட் என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். வலது உள்ளங்கையின் ஓரத்தை ஸ்ட்ரிங் மேல் வைத்து அடிக்கும் அந்த 'சக்-சக்'. குத்துக்கும் குத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் அங்கே தாளம். அந்த இடைவெளியை இரைச்சலால் நிரப்பிவிடுகிற ஆம்ப், எவ்வளவு கெய்ன் இருந்தாலும் மாடர்ன் மெட்டலுக்கு உதவாது.

பேஸ் ஏன் இதைக் கெடுக்கிறது? ஆம்ப் தன்னால் தாங்க முடியாத உயரத்துக்குப் போகிற அலையின் தலையை வெட்டிவிடுகிறது. டிஸ்டார்ஷன் என்பது அவ்வளவுதான். ஏழாவது ஸ்ட்ரிங்கை ஏ-க்கு இறக்கினால் அதன் அதிர்வு 55 ஹெர்ட்ஸ். அந்தப் பெரிய அலை ஒன்றே ஆம்பின் கொள்ளளவை நிரப்பிவிடும். பிக் படுகிற 'சக்' ஓசை என்பது அந்தப் பெரிய அலையின் முதுகில் சவாரி செய்கிற சின்ன அலைகள். முதுகு கூரையில் முட்டி வெட்டுப்படும்போது சவாரி வந்தவையும் சேர்ந்து காலி. இன்னொன்றும் உண்டு. 82 ஹெர்ட்ஸ் 'ஈ'யையும் அதன் பஞ்சமமான 123-ஐயும் சேர்த்துப் பவர் கார்டாக அடித்தால், இரண்டின் வித்தியாசமான 41 ஹெர்ட்ஸையும் டிஸ்டார்ஷன் உண்டாக்கும். யாரும் வாசிக்காத ஒரு சுரம் அடியில் நின்று உறுமும். கனம் என்று நாம் நினைக்கிறதில் பாதி இந்தச் சேறுதான்.

சரி, ஆம்புகளுக்கு வருவோம். நான் கேட்டது நேரான ஆம்புகளை அல்ல. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளில் அவற்றின் நகல்களைப் போட்டுக் கேட்டேன். நகல் என்பது ஒரே ஒரு குமிழ் அமைப்பின் போட்டோ மாதிரி. குமிழைத் திருப்பினால் என்ன ஆகும் என்று அது சொல்லாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் கெய்ன் குறைவாக, கூடுதலாக என்று பல நகல்கள் எடுத்துக்கொண்டேன். ஒரே வாசிப்பை ஒரு தடவை பதிவு செய்து எல்லாவற்றிலும் அதையே ஓட்டினேன். ஸ்பீக்கர் பொதுவாக ஒன்றுதான். சத்தத்தையும் சமமாக்கினேன். இந்தக் கடைசிக் காரியம் முக்கியம், ஏன்னா கொஞ்சம் சத்தம் கூடினாலே 'இதுதான் நல்லாயிருக்கு' என்று காது ஏமாந்துவிடும்.

பீவி 5150: 1992-ல் எடி வான் ஹேலனுக்காக வந்தது. 2004-ல் அவர் பிரிந்து போனபின் இதே சர்க்யூட் 6505 என்ற பெயரில் தொடர்ந்தது. ராக் லீடு வாசிப்பவருக்காகச் செய்ததை மெட்டல்காரர்கள் ரிதமுக்கு எடுத்துக்கொண்டார்கள். அடித்ததும் முகத்தில் அறைகிற நடுத்தர ஓசை, அமுக்கியதும் சட்டென்று நிற்கிற குணம். குறை: கெய்னை ஏற்றினால் 'உஸ்' என்ற இரைச்சல் அதிகம், நாய்ஸ் கேட் இல்லாமல் சரிப்படாது. குமிழ் பாதிக்கு மேல் போனால் கிடைப்பது இரைச்சல் மட்டுமே.

மீசா பூகி டூயல் ரெக்டிஃபையர்: தனியாகக் கேட்டால் இதுதான் ராஜா. அகலமான, அறையை நிரப்புகிற சத்தம். மாடர்ன் மோடில் பவர் ஆம்பின் நெகட்டிவ் ஃபீட்பேக் துண்டிக்கப்படுவதால் ஸ்பீக்கரைப் பிடித்து வைக்கிற கடிவாளமும் தளர்ந்துவிடும். மெதுவான, பெரிய கார்டுகளுக்கு அது அழகு. வேகமாக வெட்டி வாசித்தால் குத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

மார்ஷல் ஜேசிஎம் 800: 1981-ல் வந்தது. இன்றைய அளவுக்கு இதைக் 'ஹை-கெய்ன்' என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் முன்னால் ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் பெடலை டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு என்று வைத்துப் போட்டால் ஆச்சரியமாக எழுந்து நிற்கிறது. அந்தப் பெடலின் டிஸ்டார்ஷன் பகுதி சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கும். அதாவது சேறு ஆம்புக்குள் நுழைவதற்கு முன்பே வடிகட்டப்படுகிறது. ரெக்டிஃபையருக்கு முன்னால் அதே பெடலைப் போட்டேன். ஒட்டிக்கொண்டிருந்த குத்துகள் பிரிந்துவிட்டன. மூன்று ஆம்புக்கும் இருந்த தூரத்தில் பெரும்பகுதியை ஒரு சின்னப் பெடல் அழித்துவிட்டது.

அதன்பிறகு ஆம்பை மாற்றாமல் ஸ்பீக்கர் நகலை மட்டும் மாற்றினேன். ஆம்பை மாற்றியபோது வந்ததைவிடப் பெரிய மாற்றம் வந்தது. பன்னிரண்டு இஞ்ச் கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக விழுந்துவிடும். செலஸ்ச்சன் வின்டேஜ் 30 மாதிரியானவை 2,000-3,000 பக்கம் மேடு கட்டியிருக்கும். நாம் 'ஆம்ப் டோன்' என்று பேசுவதில் பெரும்பங்கு அந்தக் காகிதக் கூம்பின் குரல்தான். விமர்சன வீடியோக்களில் ஆம்பின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். என்ன ஸ்பீக்கர், மைக் எங்கே, பிறகு என்ன ஈக்யூ என்பதைப் பல பேர் சொல்வதில்லை. கிட்டாரும் பெரும்பாலும் தனியாகவே ஒலிக்கும். தனியாக ஒலிக்கும் கிட்டாரை வைத்து மெட்டல் டோனை மதிப்பிடுவது, குழம்பில்லாமல் உப்பு பார்ப்பது போல.

இது எனக்குச் சூடு பட்டுத் தெரிந்த விஷயம். பல வருடம் முன்பு ஒரு விமர்சனத்தை நம்பி ஓர் ஆம்ப் வாங்கினேன். வீட்டில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிட்டை அடியோடு இறக்கி வைத்தால் பிரமாதம். சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்குப் பேஸ் குறைவாகத்தான் எட்டும், அதனால் அந்த ஏற்றம் இனிமையாகத் தெரிந்தது. கல்லூரி மேடையில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் என் கிட்டார் காணாமல் போனது. நான் வாசிக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். கீழே இருந்த மைக் செட் அண்ணன் வந்து குமிழைத் திருப்பிவிட்டுச் சொன்னார்: "பேஸ கொறச்சி நடுவுல ஏத்துங்க தம்பி. கொழாய்ல பேஸே வராது, ஆனாலும் திருவிழாவுல பேசறது அடுத்த ஊரு வரைக்கும் கேக்குதுல்ல?" நான் படித்த எந்த ஆம்ப் விமர்சனமும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இங்கே தோல் வாத்தியத்தோடு மெட்டல் செய்ய நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டெல்லியின் ப்ளட்டிவுட் 2022-ல் வெளியிட்ட 'ரக்ஷக்' ஆல்பத்தைக் கேளுங்கள். டோலின் கனத்த பக்கம் அடியில் உட்கார்ந்துவிடுகிறது. கிட்டாரும் அதே இடத்துக்குச் சண்டை போட்டால் இரண்டுமே தோற்கும்.

கடைசியாகத் தம்பியை உட்காரவைத்து, பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். தனியாகக் கேட்டபோது ரெக்டிஃபையரைத் தேர்ந்தெடுத்தான். டிரம்ஸ், பேஸோடு கேட்டபோது பெடல் போட்ட, கெய்ன் குறைவான 5150. பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப எனக்கு நெஜமாவே புடிச்சது எதுண்ணே?" என்றான்.

என் தீர்ப்பு: மூன்றில் ஒன்றுதான் என்றால் 5150 வகை. ஆனால் வீட்டில் வாசிக்கிறவனுக்கு நூறு வாட் தேவையே இல்லை. ஐம்பது வாட்டுக்கும் நூறுக்கும் வித்தியாசம் 3 டெசிபல், அவ்வளவுதான். முதலில் நல்ல பிக்கப், ஒரு பெடல், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ். பிறகு, மேடை கிடைத்தபின், ஆம்ப்.

பெடல் வாங்கிவிட்டான். கடன் ஃபாரம் இன்னும் அவன் பைக் டேங்க் கவரில்தான் இருக்கிறது.