சிரிப்பு நம்மைச் சுடட்டும்!

"அடுத்து எந்த ஏட்டைப் படிக்கலாம்?"

படிப்பகத்துத் தோழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' படித்த சுவை நாவில் மாறுமுன்னே கேட்கிறார்கள். கேட்பதில் வியப்பில்லை. கடவுளையே சென்னைத் தெருவுக்கு இழுத்துவந்து, காப்பி குடிக்க வைத்து, வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் கேட்ட கதை அது. 1943இல் வெளிவந்தது. தீட்டியவரோ நம் மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவர். சிறுகதையில் கண்ட அந்த எள்ளலை நெடிய புதினத்திலும் காண வேண்டும், சிரிக்க வேண்டும், சிரித்த வாய் மூடுமுன் நெஞ்சு கனக்க வேண்டும். தோழர்கள் தேடுவது இதைத்தான்.

எள்ளல் தமிழருக்கு இரவல் சரக்கன்று. மெய்ப்பாடு எட்டில் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். நகை பிறக்கும் இடங்களைச் சொன்னபோது எள்ளலை முதலில் வைத்தவரும் அவரே. அங்கதத்தை அவர் இரு கூறாக்கினார்: நேர்நின்று சாடுவது செம்பொருள், மறைத்துச் சாடுவது பழிகரப்பு. மேடையிலே நாம் கேட்டுக் கேட்டுக் கைதட்டியது செம்பொருள். நல்ல புதினத்துக்கு ஏற்றதோ பழிகரப்பு. அயர்லாந்து மக்கள் வறுமையில் வாடிய காலத்தில், ஏழைக் குழந்தைகளைச் செல்வர் வீட்டுச் சமையலுக்கு விற்றால் நாட்டுக்கு எவ்வளவு ஆதாயம் என்று கணக்கெழுதிக் காட்டினார் ஸ்விப்ட், ஆண்டு 1729. படிப்பவர் சிரிக்கிறார், அடுத்த நொடியே சிரித்ததற்கு வெட்கப்படுகிறார். இருண்ட நகைச்சுவை என்பதன் இலக்கணம் அதுதான்.

எனவே, எந்த அங்கத ஏட்டையும் ஒரே கேள்வியால் நிறுத்துப் பார்ப்போம். இந்தச் சிரிப்பு யார்மீது விழுகிறது? பகைவர்மீது மட்டும் விழுமானால் அது விருந்து. நம்மீதும் விழுமானால் அது மருந்து. விருந்து உண்டு பழகியவர்களுக்கு இப்போது தேவை மருந்து.

முதலில் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. 1966இல் வெளிவந்த புதினம். நாற்சந்தியில் நிற்கும் ஒரு மரம். அதைச் சுற்றிக் கடைகள். கடைகளைச் சுற்றிப் போட்டி. போட்டியைச் சுற்றி நகராட்சித் தேர்தல். மரத்தை வெட்ட வேண்டும் என்பது ஒரு கட்சி. கூடாதென்பது மறு கட்சி. மரத்தின்மேல் அன்பு கொண்டவர் எவருமில்லை. வெட்டுவதைத் தடுக்க ஒரே வழி, மரத்தைத் தெய்வமாக்கி விடுவது! நேற்றுவரை காக்கை எச்சமிட்ட மரத்துக்கு இன்று பூசை. தெய்வங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று நாம் ஆயிரம் மேடையில் விளக்கியதை, இந்த ஏடு குரலுயர்த்தாமல் காட்டிவிடுகிறது. முடிவில் மரம் நஞ்சூட்டப்பட்டு மாள்கிறது. தெய்வமாக்கியவர்களாலும் காக்க இயலவில்லை.

அடுத்தது வடபுலத்திலிருந்து. ஸ்ரீலால் சுக்ல இந்தியில் எழுதிய 'தர்பாரி ராகம்', 1968இல் வந்தது, 1969இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. சிவபால்கஞ்ச் என்றொரு சிற்றூர். பஞ்சாயத்து, கூட்டுறவுச் சங்கம், கல்லூரி எல்லாம் ஒரே வைத்தியரின் திண்ணையில் முடங்கிக் கிடக்கின்றன. லங்கட் என்ற கால் ஊனமுற்றவர் ஆவணம் ஒன்றின் நகல் கேட்டு அலைகிறார். கையூட்டுக் கொடுக்கமாட்டேன் என்பது அவர் சபதம். வாங்காமல் தரமாட்டேன் என்பது எழுத்தர் சபதம். நகல் ஒருநாள் ஆயத்தமாகிறது. அறிவிப்புப் பலகையில் செய்தியும் ஒட்டப்படுகிறது. அந்த நாட்களில் லங்கட் காய்ச்சலில் படுத்திருக்கிறார். கெடு தீர்ந்தது, நகலும் போயிற்று, மீண்டும் முதலிலிருந்து மனு! சிரிக்காமல் இருக்க முடியுமா? சிரித்தபின் உறங்கத்தான் முடியுமா?

இந்த ஏட்டில் மோதிராம் என்றோர் ஆசிரியர் வருகிறார். சொந்தமாக மாவு அரைக்கும் ஆலை வைத்திருப்பவர். அறிவியல் பாடத்தையும் மாவாலையை வைத்தே நடத்துவார். ஆலை அழைத்தால் வகுப்பை விட்டே ஓடிவிடுவார். பள்ளியில் பாடஞ்சொல்லிப் பிழைக்கும் நமக்கு அந்தப் பக்கங்கள் கசந்தன. கசந்ததாலேயே பரிந்துரைக்கிறோம். ஆயினும் ஒரு குறை சொல்லாமல் விட முடியாது. இவ்வளவு பெரிய ஊரில் பெண்ணின் குரல் ஏறக்குறைய இல்லை. ஊரின் பாதியை விட்டுவிட்டு ஊர்க்கதை சொன்ன குறை அது.

மூன்றாவது, பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை', 2016. இந்த ஏடு பிறந்த வரலாறே ஓர் அங்கதம். 'மாதொருபாகன்' புதினத்தை எதிர்த்துக் கூச்சல் கிளம்ப, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று 2015 சனவரியில் அவரே அறிவித்தார். சென்னை உயர்நீதிமன்றம் 2016 சூலையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எழுந்து வந்தவர் மனிதரைப் பற்றி எழுத அஞ்சி ஆட்டைப் பற்றி எழுதினார். மாட்டையும் பன்றியையும் எழுத முடியாது, ஆடுதான் ஆபத்தில்லாதது என்று முன்னுரையில் காரணமும் காட்டினார்! கதையில், பிறந்த குட்டிக்குக் காது குத்தி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். குட்டி எங்கிருந்து வந்தது என்று அதிகாரிகள் குடைகிறார்கள். மக்கள் வரிசையில் நிற்கிறார்கள், நிற்கப் பழகிவிட்டார்கள். பிற்பகுதியில் இரக்கம் மிகுந்து எள்ளல் மெலிகிறது என்பது நம் கருத்து. ஆயினும், பழிகரப்பு என்றால் என்னவென்று மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல ஏடு நாம் அறியோம்.

கடைசியாக, நம் வீட்டு வாசலுக்கே வருவோம். கடலூர் மாவட்டத்துக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், திராவிட இயக்கத்தோடு நெருங்கியவர் இமையம். 'செல்லாத பணம்' புதினத்துக்காக 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். அதே 2020இல் வந்தது அவருடைய 'வாழ்க வாழ்க'. சிறிய ஏடு, ஒரே அமர்வில் படித்துவிடலாம். செரிக்கத்தான் நாளாகும்.

கதை என்ன? ஓர் அரசியல் கூட்டம். காசு கொடுத்து, வண்டியில் ஏற்றி, பெண்களைக் கொண்டுவந்து வெயிலில் உட்கார வைக்கிறார்கள். தலைமை வானூர்தியில் வரவேண்டும். வரும்வரை காத்திருக்க வேண்டும். தாகம்; ஒதுங்க மறைவிடமில்லை. நாற்காலிக்குச் சண்டை, சண்டையிலே சாதி வாய் திறக்கிறது. மேடையிலோ சமத்துவ முழக்கம்! 2016 ஏப்ரலில் விருத்தாசலத்தில் நடந்த தேர்தல் கூட்டமொன்றில் வெயில் தாங்காமல் இருவர் மாண்ட செய்தியை ஏடுகளில் படித்தவர்கள் நாம். திட்டக்குடியிலிருந்து விருத்தாசலம் எவ்வளவு தொலைவு? பேருந்தில் ஏறினால் வந்துவிடும் ஊர். ஆகவே இதைக் கற்பனையென்று ஒதுக்கிவிட நமக்கு வழியில்லை.

ஏட்டில் ஏறக்குறைய எல்லாமே பேச்சு. வருணனைக்கு ஏங்குவோர் குறை சொல்லலாம். நாம் சொல்லமாட்டோம். கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் பேசுவதை எவர் கேட்டார்கள் இதுவரை? ஒலிபெருக்கி எப்போதும் மேடையை நோக்கியே இருந்தது. அதைத் திருப்பிப் பிடித்திருக்கிறார் இமையம். வடபுலத்து ஏட்டில் காணாத பெண்குரல் இங்கே பக்கந்தோறும் ஒலிக்கிறது.

"இது எந்தக் கட்சியைச் சொல்கிறது?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விதான் நாம் தப்பியோடும் கொல்லைப்புற வழி. மாற்றுக் கட்சி என்றால் சிரிப்போம்; நம் கட்சி என்றால் முகம் சுளிப்போம். அப்படியானால் நாம் கற்ற பகுத்தறிவு பக்கத்து வீட்டுக்கு மட்டும்தானா? கற்சிலைக்குப் பாலூற்றுவதைப் பழித்தவர்கள், வரைபட உருவத்துக்குப் பாலூற்றும் ரசிகனைக் கண்டு சிரித்தவர்கள், தலைவரைக் கண்டதும் தரையில் விழுபவரைக் கண்டு வாய் மூடியிருக்கலாமா?

எள்ளலை ஆயுதமாக ஏந்தி வளர்ந்தது நம் சிந்தனை மரபு. தன்மீது விழும் எள்ளலைத் தாங்காத மரபு, தான் எதிர்த்த மடமையின் மறுபதிப்பாகிவிடும். ஆகவே தோழர்களே, புளியமரத்தில் தொடங்குங்கள். சிவபால்கஞ்ச் சென்று வாருங்கள். பூனாச்சியோடு வரிசையில் நில்லுங்கள். பிறகு 'வாழ்க வாழ்க'வைப் படிப்பகத்தில் உரக்கப் படியுங்கள், அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஆள் திரட்டப் புறப்படுமுன்!