முதுகுக்கு அடியில் படும் காற்று

வேரும் சரிவும் நிறைந்த மழைக்காட்டில் சமதளம் தேடி அலையாமல் இரண்டு மரங்களுக்கு நடுவே படுத்துவிடலாம். தொங்கு படுக்கையான ஹேமாக்கின் பெரிய வசதி அதுதான். தரையில் படுக்கச் செய்த லேசான சாமான்களை அதற்கேற்ப வெட்டித் தைப்பவர்களும் உண்டு. நுரைப்பாயின் ஓரங்களில் தோளுக்குத் துண்டு ஒட்டுவார்கள். ஸ்லீப்பிங் பேக்கைப் பிரித்து ஹேமாக்கின் அடியில் கட்டுவார்கள். இந்தக் கைவேலையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் சிலாங்கூரின் பந்திங்கில் இருப்பவர் குளிர்காப்பிலிருந்து தொடங்குவது தலைகீழ் வரிசை.

உடல் எடையில் நசுங்கிய பஞ்சில் காற்று தங்காது. எவ்வளவு நல்ல பேக்குக்குள் படுத்தாலும் முதுகு குளிரும். துணிக்கு வெளியே நசுங்காமல் தொங்கும் கீழ்ப்போர்வை இதற்குச் சரியான தீர்வு. ஆனால் இரவிலும் 24 டிகிரியை ஒட்டியே நிற்கும் மொரிப் கடற்கரையில் அது வியர்வையைத்தான் தரும். முதுகில் காற்றே படாமல் அடைக்கும் நுரைப்பாய் இன்னும் மோசம். அப்படியென்றால் கீழ்ப்போர்வையே வேண்டாமா என்று கேட்கலாம். சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்றான குனோங் நுவாங் 1,493 மீட்டர். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குறையும் என்று கொண்டால், உச்சியில் இரவு 15 டிகிரி அளவுக்கு இறங்கும். மழையில் நனைந்து ஏறியவருக்கு அது கடுங்குளிர். ஆகவே போர்வை கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஜிப்பை வெட்டியெறிந்த பேக் பிறகு தரையில் படுக்கவும் உதவாது. ஓரங்களில் நாடா வளையம் தைத்து எலாஸ்டிக் கயிறு கோத்தாலே போதும்.

முதலில் சரிசெய்ய வேண்டியது கட்டும் முறை. முதுகு வளைகிறது என்று கயிற்றை இறுக்குவது பரவலான தவறு. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் படுப்பவரின் எடையளவு இழுவிசை இருக்கும். 10 டிகிரிக்கு இறுக்கினால் அது ஏறக்குறைய மூன்று மடங்காகும். தொய்வாகக் கட்டி மூலைவாட்டில் படுத்தால்தான் முதுகு நேராகும். ஹேமாக்கின் நீளத்தில் சுமார் 83 விழுக்காடு நீளமுள்ள ஒரு கயிற்றை அதன் இரு முனைகளுக்கும் இடையே மேலே நிரந்தரமாகக் கட்டினால், மரங்களின் இடைவெளி மாறினாலும் தொய்வு அவ்வளவாக மாறாது. கிராம் கணக்கில் எடை கூட்டும் இந்த மாற்றம் தரும் சுகத்தை எந்தப் பஞ்சும் தராது. மரத்தைச் சுற்ற மெல்லிய கயிற்றுக்குப் பதில் அகலப் பட்டை போட்டால் மரத்தின் தோலும் உரியாது.

அடுத்தது கொசுவலை. எடையைக் குறைக்க அதை விட்டுவிடலாம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. குரங்குகளிடமிருந்து காட்டு அனோபிலிஸ் கொசுக்கள் பரப்பும் நோலெசி மலேரியா மலேசியாவில் இன்னும் இருக்கிறது. மேலே மட்டும் வலை போட்டாலும் போதாது. முதுகை ஒட்டிய ஒற்றை நைலான் துணி வழியே கொசு கடிக்கும். ஹேமாக்கை முழுதாகச் சுற்றும் வலையோ, அடியில் இடைவெளி விட்ட இரண்டாம் துணியோ வேண்டும்.

வீட்டுத் தையலை நம்பி எப்படிப் படுப்பது என்ற கேள்வி நியாயமானது. வலை, போர்வை, பை போன்றவற்றில் தையல் பிரிந்தால் தூக்கம்தான் கெடும். எடை தாங்கும் துணியிலும் பட்டையிலும் பிரிந்தால் முதுகெலும்பே அடிபடும். அவற்றைச் சோதிக்கப்பட்ட தயாரிப்பாக வாங்கி, இடுப்புயரத்துக்கு மேல் போகாமல் கட்டிக்கொள்வதே சரி.